காலை ஜீப்பும் நடுவர் உத்தரவும்

வீட்டில் அடிபட்டு என்னைப் பார்க்க வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கீங்களா?" என்பதைத்தான். கூட வந்திருக்கும் அம்மாவுக்கோ தம்பிக்கோ இது எரிச்சலாக இருக்கும். கன்னம் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள், இந்த வக்கீலம்மா வேலையைப் பற்றி விசாரிக்கிறாளே என்று முகம் சுளிப்பார்கள். காயத்தைப் பற்றியும் கேட்பேன், ஆஸ்பத்திரிச் சீட்டையும் வாங்கிப் பார்ப்பேன். ஆனால் வேலை இருக்கிறதா, போய்விட்டதா, போகப் போகிறதா என்று தெரிந்தால்தான் அவளுக்கு இன்னும் எத்தனை வழி மிச்சமிருக்கிறது என்று எனக்குப் பிடிபடும். வாராவாரம் கூலி வாங்குகிறவள் தனியாக ஒரு வாடகை வீடு பார்ப்பாள், பிள்ளைக்கு பீஸ் கட்டுவாள், வாய்தாவுக்கு வரப் பஸ் காசு வைத்திருப்பாள். கூலி நின்றுபோனவள் இரண்டாவது வாய்தாவிலேயே சமாதானம் பேசிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அப்படித் திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அடிக்கிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவன் கை முதலில் அவள் வேலை மேல் விழுகிறது.

நான் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கில். எங்கள் ஊர்களில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக, கூடலூர்ப் பக்கமிருந்து குமுளி வழியாக, போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை என்று தினமும் மாநில எல்லையைத் தாண்டி வேலை செய்துவிட்டு இருட்டும்போது திரும்பி வருகிறார்கள். ஜீப்புக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேலே கூலி கூடுதல் என்பதால்தான் இத்தனை பாடு. எங்கம்மாவும் காயெடுக்க அப்படிப் போனவர்தான்.

ஜீப் யாருக்காகவும் நிற்காது. கால் மணி நேரம் தவறினால் அன்றைய கூலி போச்சு. ஆகவே மனைவியின் வேலையைக் கெடுக்க நினைக்கிற கணவன் கையைக்கூட ஓங்க வேண்டியதில்லை. நாலரை மணிக்கு ஒரு சண்டையைத் தொடங்கினால் போதும். அட்டை கடிக்காமலிருக்கப் போட்டுக்கொள்ளும் காலுறையை ஒளித்து வைத்தால் போதும். போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் போதும், ஆள் சேர்க்கும் கங்காணி கூப்பிடுவது அவளுக்குத் தெரியாது. ராத்திரி முழுக்கத் தூங்க விடாமல் வைத்திருந்தால், மறுநாள் ஏலச்செடித் தூரில் குனிந்து உட்கார்ந்து காயெடுக்கும்போது அவளுக்குக் கை ஓடாது. எடை குறையும். எடை குறைந்தவளை அடுத்த வாரம் ஜீப்பில் ஏற்ற யோசிப்பார்கள். இப்படி ஒரு காயமும் இல்லாமல், ஒரு போலீஸ் கேஸும் இல்லாமல், ஒரு பெண்ணின் வேலையை ஒழித்துக்கட்ட முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் பல வருஷமாக ஒரே தோட்டத்துக்குப் போய்வந்தவர். களையெடுப்பு, கவாத்து, காயெடுப்பு எல்லாம் தெரிந்த கை. கணவன் அடிப்பதும் அதே அளவு பழையது. ஒரு கட்டத்தில் அக்கா பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அவன் ஜீப் நிற்கிற இடத்துக்கு வர ஆரம்பித்தான். முதலில் கெஞ்சல், அப்புறம் வசவு, அப்புறம் முடியைப் பிடித்து இழுத்தல். கடைசியாக ஒருநாள் பைக்கில் மலையேறிப் போய், காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு, வாயில் வராத வார்த்தையெல்லாம் பேசியிருக்கிறான். கணக்குப்பிள்ளையையும் அக்காவையும் சேர்த்துப் பேசியிருக்கிறான்.

அன்று சாயந்திரம் கங்காணி சொன்னார்: "ஒன்னால மத்த பொம்பளைகளுக்கும் பொழப்பு கெட்டுப்போகும். வீட்டுப் பிரச்சினைய முடிச்சுட்டு வா தாயி." அவர் கெட்டவர் இல்லை. தோட்டத்து முதலாளிக்குத் தகராறு வேண்டாம், ஜீப் டிரைவருக்குத் தகராறு வேண்டாம், எல்லாருக்கும் சுலபமாகத் தெரிந்த வழி அக்காவை நிறுத்துவதுதான். அடித்தவனை யாரும் எங்கேயும் நிறுத்தவில்லை. அடிபட்டவளுக்கு வேலை போயிற்று.

அந்தக் கங்காணி எந்தத் தொழிலாளர் சட்டத்தை மீறினார் என்று கேட்டால், நேராகக் காட்ட ஒரு பிரிவு இல்லை. இதைச் சொல்ல எனக்கு வேதனையாகத்தான் இருக்கிறது. கணவனின் வன்முறையால் வேலைக்கு வர முடியாத பெண்ணை நீக்கக் கூடாது என்று சொல்லும் மத்தியச் சட்டம் இந்தியாவில் கிடையாது. கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய அவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடு என்று சொல்லும் சட்டமும் கிடையாது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-இல் தனிச் சட்டம் வந்தது. அதில் விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்த பெண்ணுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தர வழி இருக்கிறது. அதே பெண் வீட்டில் கை ஒடிந்து வந்தால் அந்தச் சட்டம் அவளைப் பார்க்காது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களையெல்லாம் சேர்த்து நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றிலும் குடும்ப வன்முறைக்கென்று ஒருநாள் விடுப்புகூட இல்லை.

வீடு வேறு, வேலை வேறு என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள். ஜீப் ஸ்டாண்டில் முடியைப் பிடித்து இழுக்கிறவனுக்கு அந்த வேறுபாடெல்லாம் இல்லை.

சரி, ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. இதைப் பெரும்பாலோர் வீட்டுக்குள் நடப்பதற்கான சட்டம் என்றே நினைக்கிறார்கள், வக்கீல்களில்கூட. ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணின் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள், பல இடங்களில் அது அவள் வேலையைத்தான் காக்கிறது. பொருளாதார வன்முறையும் வன்முறைதான் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. விதிகளோடு உள்ள முதல் படிவத்தில், இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலர் நிரப்ப வேண்டிய நிகழ்வு அறிக்கையில், இது இன்னும் வெளிப்படையாக இருக்கும். வேலைக்குப் போக விடாமல் தடுத்தானா, செய்கிற வேலையைக் கெடுத்தானா, சம்பளத்தைப் பிடுங்கினானா, உன் சம்பளத்தை நீயே செலவழிக்க விடவில்லையா என்று வரிசையாகக் கேட்கிறது. என்னிடம் வருகிறவர்களுக்கு இந்தப் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். "இதெல்லாமா கேசு?" என்று திகைப்பார்கள். அடி மட்டும்தான் கேஸ் என்று நம்பியே பாதி வாழ்க்கை போயிருக்கும்.

அக்கா முதலில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு காவல் நிலையத்துக்குப் போனார். தோட்டத்தில் நடந்தது கேரளாவில், அங்கே போய்ச் சொல்லு என்றார்கள். அந்தப் பக்கம் போனார். கணவன் மனைவி தகராறு, இரண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது புதிதே இல்லை. ரேஷன் கார்டில் தொடங்கி எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் கைகாட்டுவார்கள்.

இந்த இடத்தில்தான் 2005 சட்டத்தின் 27-ஆம் பிரிவு எங்களுக்குப் பெரிய துணை. எந்த நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்று அது சொல்கிறது. அந்தப் பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ குடியிருக்கும் இடத்தில் போடலாம். தொழில் செய்யும் இடத்தில், வேலை பார்க்கும் இடத்தில் போடலாம். எதிராளி இருக்கும் இடத்தில் போடலாம். சம்பவம் நடந்த இடத்திலும் போடலாம். எங்கே வாங்கிய உத்தரவானாலும் இந்தியா முழுக்கச் செல்லும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதாவது கம்பத்தில் குடியிருந்து, நெடுங்கண்டம் பக்கம் காயெடுக்கிற பெண் உத்தமபாளையத்திலும் போகலாம், நெடுங்கண்டத்திலும் போகலாம். எது அவளுக்குத் தோதோ அது. அம்மா வீட்டில் வந்து ஒண்டியிருந்தாலும் அது தற்காலிகக் குடியிருப்புத்தான். உன் எல்லை இது இல்லை என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்ப முடியாது. எல்லை ஊர்ப் பெண்களுக்காகவே எழுதிய மாதிரி ஒரு பிரிவு.

அக்காவுக்கு மேலே, கேரளப் பக்கம், மனுப் போடுவது நல்லது என்று நான் நினைத்தேன். ஸ்டோர் வாசலில் நடந்ததைப் பார்த்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மறுபடி தகராறு நடந்தால் ஓடிவர வேண்டிய போலீஸும் அங்கேதான். மொழிதான் அவருக்குப் பயம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுத இடம் தந்திருந்தது. அலுவலகங்களுக்குப் போன கடிதங்களைத் தமிழிலேயே எழுதினோம். கோர்ட் மனுவை மேலே இருக்கிற ஒரு மலையாளி வக்கீல் தோழி போட்டார். பணம் செலவழிக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்ற ஒரு காரணமே இலவச வக்கீல் கிடைக்கப் போதும். வருமானச் சான்றிதழ் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மனுவில் நான் மிகவும் கவனம் வைத்தது 2005 சட்டத்தின் 18-ஆம் பிரிவு. பாதுகாப்பு உத்தரவில் என்னவெல்லாம் கேட்கலாம் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. அடிக்கக் கூடாது என்பதோடு நிற்பதில்லை. அந்தப் பெண் வேலை செய்யும் இடத்துக்குள் நுழையக் கூடாது என்று நேராகவே இருக்கிறது. போனிலோ எழுத்திலோ நேரிலோ அவளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று இருக்கிறது. அவளுக்கு உதவுகிறவர்களைத் தொடக் கூடாது என்றும் இருக்கிறது. கங்காணியும் கணக்குப்பிள்ளையும் இதில் வந்துவிடுவார்கள். வேறு எந்தச் செயலையும் உத்தரவில் குறிப்பிட்டுத் தடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதை வைத்து ஜீப் ஏறும் இடம், இறங்கும் இடம், வரும் பாதை எல்லாவற்றையும் மனுவில் இடம் குறித்து எழுதினோம். இதை விட்டுவிட்டு "பணியிடம்" என்று மட்டும் எழுதி வாங்கினால், அவன் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டு சிரிப்பான். எங்கள் ஊர் வேலை வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறது என்பதை நடுவருக்குப் புரிய வைப்பது வக்கீலின் வேலை.

முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். எதிராளி வராமலேயே கொடுக்க நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது.

உத்தரவு வந்ததும் அக்கா செய்த முதல் காரியம், அதன் நகலைக் கொண்டுபோய்க் கங்காணியிடம் காட்டியது. "இனி அவரு இங்க வந்தா ஜெயிலுண்ணே. நீங்க ஒரு போன் போட்டா போதும்." அக்கா சொன்னது உண்மை. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் இல்லை. கங்காணிக்கு இருந்த ஒரே சாக்கு, அவன் வந்து கலாட்டா செய்வான் என்பது. அந்தச் சாக்கை அந்தக் காகிதம் பிடுங்கிவிட்டது. அக்கா மறுபடி ஜீப்பில் ஏறினார்.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. அவருக்குக் கூட நின்ற பெண்கள் இருந்தார்கள், பார்த்ததைச் சொல்லத் தயாராக ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். இந்த இடத்தில் முதலாளிகளுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 4-ஆம் பிரிவின்படி, குடும்ப வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கொடுத்தவர் மேல் கேஸ் போட முடியாது. கண் வீங்கி வருகிற பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் முன், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட உங்களுக்குச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது.

கூலி பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. முன்பெல்லாம் சனிக்கிழமை கூலியைக் கணவன் வந்து வாங்கிக்கொண்டு போவான். இப்போது வங்கியில் விழுகிறது, அவன் ஏடிஎம் கார்டை வைத்திருக்கிறான். வேலை செய்தவருக்கே கூலி போய்ச் சேர வேண்டும் என்பது 1936-ஆம் ஆண்டுக் கூலிச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கிற விதி. அவனிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி ஒரு முதலாளி தப்பிக்க முடியாது. ஏடிஎம் கார்டு விஷயத்தில் நான் சொல்வது சாதாரண யோசனை: வேறு வங்கியில், வேறு போன் நம்பரில், தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கைத் திறந்துவிட்டு, கூலி அதில் விழும்படி மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்கு அப்புறம் கோர்ட். வேலைக்குப் போக முடியாமல் இழந்த கூலியை அவனிடமிருந்து வாங்கித் தர 2005 சட்டத்தின் 20-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இதைக் கேட்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. ஜீவனாம்சம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அவன் மாத வேலையில் இருந்து, கோர்ட் சொன்ன தொகையைக் கொடுக்காமல் ஏமாற்றினால், அவன் முதலாளியே சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை நேராக அவளுக்குக் கொடுக்கும்படி நடுவர் உத்தரவிடலாம்.

தேயிலைத் தோட்டத்தில் கதை வேறு. மூணாறு, பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்து எஸ்டேட்களில் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் கொழுந்து பறிக்கிறார்கள். அங்கே வீடும் வேலையும் ஒரே முடிச்சு. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. நல்ல விதிதான். ஆனால் வேலை போனால், லயம் என்று சொல்லும் வரிசை வீடும் போகும். லயம் கணவன் பெயரில் இருந்தால், அடிபட்டவள் எங்கே போவாள்? பக்கத்து வீட்டுக்குச் சுவர் ஒன்றுதான், ஒவ்வொரு அடியும் எல்லாருக்கும் கேட்கும். விடிந்ததும் அதே ஆட்கள் அதே காட்டில் பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்க வேண்டும், சிலசமயம் அவனும் அதே டிவிஷனில்தான் இருப்பான். வசிக்கும் வீட்டில் அவளுக்குப் பத்திரமோ பட்டாவோ இல்லாவிட்டாலும் அங்கே இருக்க உரிமை உண்டு என்று 2005 சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அவளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடு என்று கணவனுக்கு உத்தரவிடவும் 19-இல் வழி உண்டு. ஆனால் அதெல்லாம் கணவனைக் கட்டிப்போடும் உத்தரவுகள். லயத்தின் சொந்தக்காரர் கம்பெனி. அவளும் அதே எஸ்டேட்டின் நிரந்தரத் தொழிலாளிதானே, அவள் பெயரில் தனியாக ஒரு லயம் ஒதுக்குங்கள், அல்லது வேறு டிவிஷனுக்கு மாற்றுங்கள் என்று கேட்டால், நிர்வாகம் மனது வைத்தால்தான் உண்டு.

2015 செப்டம்பரில் மூணாற்றில் இதே பெண்கள்தான் தெருவில் உட்கார்ந்தார்கள். ஆண் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் கூடி, 20 சதவீத போனஸை வாங்கினார்கள். தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனதும் அந்த ஆண்டுதான். சேர்ந்து உட்கார்ந்தால் எதையும் கேட்டு வாங்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். அதே பலத்தோடு வீட்டு வன்முறையையும் கூலி ஒப்பந்தத்தின் மேஜைக்குக் கொண்டுவர முடியும் என்று நான் நம்புகிறேன்.

கீழே தேனி, ஆண்டிபட்டி பக்கம் மில்லுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது: இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. தகுதிக்கான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்று கொடுக்கிற காலத்துக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் வரும். எலும்பு ஏன் ஒடிந்தது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. அதைவிட முக்கியம், அந்த நோய்க்காலப் பணம் வாங்கும்போது தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. அடிபட்ட பெண் வீட்டிலேயே மஞ்சள் பற்றுப் போட்டுப் படுத்துக்கொண்டால் அது சொல்லாமல் போட்ட லீவு. இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்ச் சீட்டு வாங்கினால் அவள் வேலைக்கு ஒரு வேலி. வயிற்றில் உதைபட்டுக் கரு கலைந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மகப்பேறு நல விதிகளின்படி ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அந்த நாட்களில் நீக்கவும் கூடாது. தோட்டங்களுக்கும் அந்த விதிகள் செல்லும். அதைக் கேட்டு வாங்கிய பெண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சீட்டும் இல்லாமல், சொல்லாமலும் நின்றுவிட்டால்? சொல்லாமல் பத்து நாளுக்கு மேல் வராவிட்டால் அது ஒழுங்கீனம் என்று மில்களின் நிலையாணைகளில் (வேலை ஒழுங்கு விதிகளில்) இருக்கும். அதைக் காட்டி, நீங்களே வேலையை விட்டுவிட்டீர்கள் என்று ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், எட்டு நாள் வரவில்லை என்று விசாரணையே இல்லாமல் தானாகப் பெயரை அடிப்பது செல்லாது என்று சொல்லி, அந்தத் தொழிலாளியை மறுபடி வேலையில் சேர்க்கவும் பாதிச் சம்பளப் பாக்கியைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. 2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில், வராமல் இருந்தது வேண்டுமென்றே செய்ததா என்று பார்க்காமல் தண்டிக்க முடியாது, கைமீறிய காரணத்தால் வராமல் போவது ஒழுங்கீனம் ஆகாது என்றது. அது அரசு ஊழியர் ஒருவரின் வழக்கு. ஆனாலும் பூட்டிய அறைக்குள் கிடந்தவள் வேலைக்கு வராததைவிடக் கைமீறிய காரணம் வேறென்ன இருக்க முடியும்? வீட்டு வன்முறையைக் காரணமாகக் காட்டி இந்த வாதத்தை நம் தொழிலாளர் நீதிமன்றங்களில் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு "உடம்பு சரியில்லை" என்று எழுதிக் கொடுப்பதால் நல்ல வாதம் ஒன்று வீணாகப் போகிறது.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பற்றி ஒரு வார்த்தை. அந்தத் திட்டத்தின் கணக்கில், திருமணமான பெண்ணின் குடும்பத்தில் கணவன் தானாக வந்துவிடுவான். ஆனால் அவனை என் குடும்பத்திலிருந்து விலக்குகிறேன் என்று பி.எஃப். ஆணையருக்கு அவள் எழுதிக் கொடுத்தால் போதும், அந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை அவனும் அவனைச் சார்ந்த பெற்றோரும் வெளியே. விவாகரத்து வேண்டாம், கோர்ட் வேண்டாம். 1952-ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கும் 2024 ஜனவரியில் ஒரு மாற்றம் வந்தது. குடும்ப வன்முறை வழக்குப் போட்டிருந்தால், குடும்ப ஓய்வூதியத்துக்குக் கணவனுக்கு முன்பாகப் பிள்ளைகளை நியமிக்கலாம். பார்க்கச் சின்னதாக இருக்கும். வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டு வன்முறையை ஒரு பணி விதி பெயர் சொல்லி ஒத்துக்கொண்டிருக்கிறது என்பதால் நான் இதைப் பெரிதாக நினைக்கிறேன்.

இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கித்தான் ஒரு பெண்ணின் வேலையை நாங்கள் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மற்ற நாடுகளில் இதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். பிலிப்பைன்ஸ் 2004-லேயே பத்து நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தது. அதுவும் நம்மைப் போல வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் நாடுதான். நியூசிலாந்தில் 2019 ஏப்ரலிலிருந்து பத்து நாள். அங்கே வேலை நேரத்தையும் இடத்தையும் இரண்டு மாதம் வரை மாற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. ஸ்பெயினில் 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்கலாம், வேலையைச் சில காலம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்பி வரலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை 2019-இல் வந்தது. குடும்ப வன்முறை வேலையைப் பாதிக்கிறது என்பதை ஏற்று அதைக் குறைக்க அரசுகள் முயல வேண்டும் என்கிறது. கூடவே வந்த 206-ஆம் பரிந்துரை விடுப்பு, நேர மாற்றம், தற்காலிகமாக நீக்கத் தடை எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை.

பாராளுமன்றம் சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கேரளத்தில் தோட்டக் கூலியைப் பிளாண்டேஷன் லேபர் கமிட்டியில் அரசு, நிர்வாகம், யூனியன் மூவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்க எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். பத்து நாள் சம்பளத்தோடு விடுப்பு. பாதுகாப்பு அலுவலரிடம் மனுக் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு, அதைக் காரணமாக வைத்து வேலைநீக்கமோ நிறுத்தமோ கூடாது. கேட்டால் அவள் பெயரில் தனி லயம் அல்லது வேறு டிவிஷன். ஏலத்தோட்டங்களில் ஜீப்பில் வரும் தினக்கூலிப் பெண்களுக்கும் இது செல்லும் என்று ஒரு வரி, கட்டாயம்.

இதை எழுதிக்கொண்டு போய் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். யூனியன்காரர் ஒருவர், "குடும்ப விஷயத்த எப்படிம்மா கம்பெனிகிட்ட பேசுறது" என்று தயங்கினார். பெண்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பின்வரிசையிலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "லீவு சீட்டுல என்னான்னு எழுதுவாங்க? மஸ்டர்ல (வருகைப் பதிவேட்டில்) கணக்கப்புள்ள பாப்பாரு, கண்டக்டர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) பாப்பாரு. மறுநாளு லயம் பூராத்துக்கும் தெரிஞ்சுபோகுமே. அப்பறம் யாரு அந்த லீவக் கேப்பா?"

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 சதவீதம் பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டதாகச் சொன்னார்கள். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாயே திறக்கவில்லை. அந்த அம்மா கேட்டது அந்த 77 சதவீதத்தின் கேள்வி. ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அங்கே 2023-இலிருந்து தற்காலிகத் தொழிலாளிகள் உட்பட எல்லாருக்கும் பத்து நாள் சம்பள விடுப்பு உண்டு. சம்பளச் சீட்டில் அது குடும்ப வன்முறை விடுப்பு என்று எழுதவே கூடாது என்பது விதி. வீட்டில் அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்க்கிறவன் யார் என்பதை யோசித்து எழுதிய விதி அது. அன்றைக்கே அங்கே உட்கார்ந்து இன்னொரு வரியைச் சேர்த்தோம்: மஸ்டரிலும் சம்பளச் சீட்டிலும் இந்த விடுப்பு வேலை செய்த நாளாகவே பதிய வேண்டும், காரணம் தெரிந்தவர் ஒரே ஒரு பெண் அலுவலராக இருக்க வேண்டும். அந்த அம்மாதான் முதல் கையெழுத்துப் போட்டார்.